சொல்லை ஏலம் விடும் சந்தை

உவா மாகாணத்தில் தேயிலை ஏலத்தைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் இருக்க முடியாது. பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறிச் சென்றால் ரோபெரி, கொக்காகலை, பட்டாவத்தை என்று தோட்டப் பெயர்களே ஊர்ப் பெயர்களாக வழங்குவதைக் காணலாம். கொழுந்து தொழிற்சாலைக்குள் சென்று தேயிலையாக வெளிவரும்போது அந்தப் பெயரையும் சுமந்துகொண்டே கொழும்புக்குப் பயணமாகிறது. அங்கே தரகர் விலை கூற, வாங்குவோர் ஒருவரையொருவர் மிஞ்ச, கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு போய்ச் சேர்கிறது. கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி சொமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் நடைபெற்றது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழியாகவே நடந்துவந்த அந்த ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது.

இன்னோர் ஏலமும் கணினித் திரையிலேயே நடைபெறுகிறது. அதற்கு நாள் குறிப்பதில்லை, தரகர் இல்லை, விற்கப்படும் பொருளைச் சுவைத்துப் பார்ப்பவரும் இல்லை. இலண்டனிலோ தொரொன்ரோவிலோ ஒருவர் கூகிள் தேடுபெட்டியில் 'உவா தேயிலை' என்று ஆங்கிலத்தில் எழுதி விசையை அழுத்தியதும், விடைகள் திரையில் தோன்றுவதற்கு முந்திய கணப்பொழுதில் அந்தச் சொல் ஏலத்துக்கு வந்து, விலைபோய், முடிந்துவிடுகிறது. வென்றவரின் விளம்பரம் மேலே நிற்கிறது. பார்ப்பவர் அதைச் சொடுக்கினால் மாத்திரமே பணம், சொடுக்காவிட்டால் பணமில்லை. தொழிலில் உள்ளோர் 'கீவேர்ட்' என்று சொல்லும் இந்தத் தேடுசொற்களின் விலை எவ்வாறு உருவாயிற்று, அதைச் சிறு வணிகர் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றனர், ஊரின் பெயரைப் பிறர் ஏலம் விடும்போது ஊராருக்கு அதில் என்ன பங்கு என்பனவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சொல்லுக்குப் பணம் கொடுப்பது பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதன்று. 1850களில் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த செய்திகளைப் புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிற்று. 1858இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது, சொற்களுக்கு விலை வந்தது. 1866இல் அத்திலாந்திக் கடலடித் தந்தி தொடங்கியபோது 20 சொற்கள் வரையிலான ஒரு செய்திக்கு 20 பவுண் கட்டணம். இந்த விலைக்கு அஞ்சிய வணிகர்கள் ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லுக்குள் அடைக்கும் குறிமொழி நூல்களை நாடினர். 1873இல் கிளோசன் தூ என்பவர் வெளியிட்ட ஏபிசி குறிமொழி நூல் அவற்றுள் பெயர்பெற்றது. பத்திரிகை அலுவலகத்தில் வரி விளம்பரம் பெறும் மேசையின் அருகே சில காலம் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், இந்தச் சிக்கன மூளை எல்லாருக்கும் பொது என்று நான் சொல்ல முடியும். மணமகன் தேவை என்று எழுதிக்கொண்டு வருபவர் கட்டணத்தைக் கேட்டவுடன் மகளின் குணநலன்களை ஒவ்வொன்றாக அடித்துவிடுவார். சம்பளத்தை மட்டும் அடிக்கமாட்டார்.

ஆனால் தந்தியிலும் வரி விளம்பரத்திலும் எல்லாச் சொற்களும் ஒரே விலை. 'வைரம்' என்றாலும் 'விறகு' என்றாலும் கட்டணம் மாறாது. சொல்லுக்குச் சொல் விலை வேறுபடலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியே பிறந்தது. ஒரு பெயரை உலக மக்களின் நாவில் ஏற்றுவதற்குப் பணம் கொட்ட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நம் மலைகளில் மிகப் பழையது.

இலங்கைத் தேயிலைக்காரர்கள் இதை 1880களிலேயே உணர்ந்திருந்தனர். கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலம் அது. உலகம் சீனத் தேயிலையைப் பழகியிருந்தது. 'சிலோன் டீ' என்ற பெயரை யாரும் அறியார். முதலில் தோட்டத்துரைமார் தாமாக முன்வந்து ஒரு நிதி திரட்டினர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கெனத் தனி மண்டபம் எழுந்தது. அதே காலத்தில் ஏற்றுமதியாகும் தேயிலை மீது நூறு இறாத்தலுக்குச் சில சதங்கள் என்ற கணக்கில் விளம்பர வரி சட்டப்படி விதிக்கப்பட்டு, அதைச் செலவிட முப்பதின்மர் குழுவொன்றும் அமைந்தது. 1908 வரை அந்த வரி நீடித்தது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை உருவானபோது கேர்வஸ் ஹக்ஸ்லி என்பவர் இலண்டனில் அதன் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். விளம்பரத்தின் செலவு ஒவ்வோர் இறாத்தல் தேயிலையின் மீதும் ஏறியது என்றால், அது இறுதியில் யாருடைய கூலியில் இறங்கியிருக்கும் என்பதை மலையகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாதையும் இருந்தது. கிளாஸ்கோ நகரில் 1871இல் மளிகைக் கடை திறந்து, விளம்பரத்தாலேயே வளர்ந்த தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தனை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்ற கருத்தை முன்வைத்து அவர் செய்த விளம்பரம் உலகெங்கும் பரவியது. அந்த விளம்பரங்களில் உவா மலைகளும் கொழுந்து பறிக்கும் பெண்களும் படமாக இடம்பெற்றனர். பெயர் மட்டும் அவருடையது. பொதுப் பெயருக்குச் செலவிட்டால் பலன் எல்லாருக்கும் சிதறும், சொந்தப் பெயருக்குச் செலவிட்டால் பலன் ஒருவரிடமே தங்கும் என்பதை லிப்டன் நன்கு அறிந்திருந்தார். 2022இல் யுனிலீவர் நிறுவனத்தின் தேயிலை வணிகம் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமொன்றுக்குக் கைமாறிய பிறகும் அந்தப் பெயருக்கு விலை இருந்தது. உவா என்ற பெயரோ எவருக்கும் சொந்தமில்லாதது.

இனிச் சொல் ஏலத்துக்கு வருவோம். 1998இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பில் குரொஸ், 'கோடூ' என்ற தேடுதளத்தில் இந்த முறையைத் தொடங்கினார். ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் விளம்பரதாரர் தாம் கொடுக்கச் சம்மதிக்கும் தொகையை எழுதுவார்; அதிகம் எழுதியவர் முதலிடம். சொடுக்கு விழும்போது எழுதிய தொகை முழுவதையும் கட்ட வேண்டும். பணம் கொடுத்தவருக்கே முதலிடமா என்று அன்று பலர் நகைத்தனர். அந்நிறுவனம் 2001இல் 'ஓவர்ச்சூர்' எனப் பெயர் மாற்றி, 2003இல் சுமார் 163 கோடி டொலருக்கு யாகூவிடம் விலைபோனது.

அந்த முதல் முறையில் ஒரு பெரும் குறை இருந்தது. ஒருவர் ஒரு சொல்லுக்கு 50 சதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் 51 எழுதி அவரை முந்துவார். முன்னவர் 52 எழுதுவார். இப்படியே ஏறி, ஒருவர் களைத்துப்போய் 20 சதத்துக்கு இறங்கிவிட்டால், மேலே இருப்பவர் தாம் வீணாக அதிகம் கொடுக்கிறோம் என்று கண்டு 21க்கு இறங்குவார். மறுபடி ஏற்றம். இரவு பகலாக இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தொகையை மாற்றுவதற்கென்றே கணினி நிரல்கள் எழுதப்பட்டன. விளம்பரதாரருக்கு இது சொல் வாங்கும் வேலையாக இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பார்க்கும் சூதாட்டமாயிற்று.

கூகிள் தனது 'அட்வேர்ட்ஸ்' விளம்பரத்தை 2000 ஒக்டோபரில் 350 வாடிக்கையாளர்களுடன் தொடங்கியபோது சொடுக்குக்கு விலை கூறும் முறையை மேற்கொள்ளவில்லை. காட்டப்படும் தடவைகளுக்கே பணம் வாங்கியது. 2002 பெப்ரவரியில்தான் சொடுக்குக்கான ஏலம் வந்தது, இரு திருத்தங்களுடன். முதலாவது, வென்றவர் தாம் எழுதிய தொகையைக் கட்டத் தேவையில்லை. தமக்கு அடுத்து நிற்பவரை மிஞ்சத் தேவையான அளவு கட்டினால் போதும். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய ஏலக் கோட்பாட்டின் உறவுமுறை இது. அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழும்புத் தேயிலை ஏலத்தைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. அங்கும் இரண்டாமவர் நிறுத்திக்கொண்ட விலைக்குச் சற்று மேலேதான் சரக்கு முடிகிறது. வாங்குபவர் மனத்தில் வைத்திருந்த உச்ச விலை அவர் மனத்திலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது திருத்தம் சிறியவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் எனலாம். தொகையுடன் விளம்பரத்தின் தரத்தையும் பெருக்கி வரிசையை நிர்ணயிப்பது அது. தொடக்கத்தில் எத்தனை பேர் சொடுக்குகின்றனர் என்பதே தரமாக இருந்தது. 2005 முதல் விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, போய்ச் சேரும் பக்கம் பயனுள்ளதா என்பனவும் கணக்கில் சேர்ந்தன. எளிமைப்படுத்தி ஒரு கணக்குச் சொல்கிறேன். பெரிய கடையொன்று 40 சதம் எழுதுகிறது. அதன் தரப் புள்ளி 4. பெருக்கினால் 160. சிறிய தேயிலை வணிகர் 20 சதம் எழுதுகிறார். அவருடைய புள்ளி 10. பெருக்கினால் 200. சிறியவரே மேலே நிற்பார். அவர் கட்ட வேண்டியது 160ஐ 10ஆல் வகுத்து வரும் 16 சதத்துக்குச் சற்று மேல். பணத்தை ஏற்றாமல் பொருத்தத்தை ஏற்றினால் செலவு குறையும் என்பது இதன் பொருள். உண்மையான சூத்திரம் இதைவிடச் சிக்கலானது. அதன் உட்கூறுகளைக் கூகிள் வெளியிடுவதில்லை.

இப்போது உவாவின் தேயிலையை வெளிநாட்டுக்கு அஞ்சலில் விற்க விரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் எதிர்கொள்ளும் முதல் இடையூறு நமது மாகாணத்தின் பெயரே. ஆங்கில எழுத்தில் உவா என்று எழுதும் அதே மூன்று எழுத்துக்கள் ஸ்பானிய, போர்த்துக்கேய, இத்தாலிய மொழிகளில் திராட்சையைக் குறிக்கும். அமெரிக்காவில் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயரும் அதுவே. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகைக்கும் அதுவே பெயர். அந்தச் சொல்லைத் தனியே வாங்கியவர், திராட்சை தேடுபவருக்கும் பல்கலைக்கழக அனுமதி தேடுபவருக்கும் வெயில் பூச்சு தேடுபவருக்கும் தேயிலையைக் காட்டிக்கொண்டிருப்பார். அவர்களுள் சிலர் தவறுதலாகச் சொடுக்கினாலும் பணம் போகும். எவரும் சொடுக்காவிட்டால் தரப் புள்ளி தேயும். ஆகவே தேர்ந்தவர்கள் வாங்கும் சொற்களின் பட்டியலைவிட விலக்கும் சொற்களின் பட்டியலை நீளமாக எழுதுவர். திராட்சை, பல்கலைக்கழகம், கதிர் என்ற சொற்களுடன் வரும் தேடலில் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்கூட்டியே தடுப்பது அது. களை பிடுங்காமல் உரம் போட்டால் யார் வளர்வார் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது வரம்பு. ஒரு சொடுக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? பொட்டலமொன்றில் அஞ்சற் செலவு போக 4 டொலர் மிஞ்சுகிறது என்று கொள்வோம். 50 பேர் வந்து பார்த்தால் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் 4 டொலரை 50ஆல் வகுத்து, சொடுக்குக்கு 8 சதம் என்பதே இலாபமும் நட்டமும் இல்லாத எல்லை. 40 சதத்துக்கு ஏலம் கேட்டு வென்றவர் 4 டொலர் சம்பாதிக்க 20 டொலர் செலவிடுகிறார். ஏலத்தில் வெல்வதே வெற்றி என்ற மயக்கத்தில் முழுகிய சிறு கடைகள் பல. 'தேயிலை' என்ற ஒற்றைச் சொல் விலையுயர்ந்தது. அதைத் தேடுபவர் எதற்காகத் தேடுகிறார் என்றும் தெரியாது. 'உவா பருவத் தேயிலை வாங்க' என்பது போன்ற நீண்ட தொடரைத் தேடுபவர் சிலரே; ஆனால் அவர் எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் உலர்ந்து வரும் உவாத் தேயிலையின் தனி மணத்தை அறிந்தவர் அவர். அந்த மாதங்களில் பணத்தைக் குவித்து, மற்ற மாதங்களில் ஒடுக்குவதும் ஒரு முறை.

இந்தக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவருவதே அண்மைய வரலாறு. முன்னர் ஒரு சொல்லை எழுத்துப் பிசகாமல் வாங்க முடிந்தது. 2014 முதல் எழுத்துப் பிழைகளும் ஒருமை பன்மை வேறுபாடுகளும் விலக்க முடியாதபடி அதனுள் அடங்கின. 2018இல் அதே பொருள் தரும் வேறு சொற்களும் அடங்கின. 2017 ஒக்டோபர் முதல், விளம்பரதாரர் குறித்த நாட்செலவைப் போல் இருமடங்கு வரை ஒரே நாளில் செலவிடவும் கூகிள் தனக்கு உரிமை எடுத்துக்கொண்டது. மாதக் கணக்கில் சரிசெய்துவிடுவதாகச் சொன்னது. 2020 செப்டெம்பரில், எந்தத் தேடல்களுக்குப் பணம் போனது என்று காட்டும் அறிக்கையிலிருந்து குறைவாகத் தேடப்படும் சொற்கள் மறைக்கப்பட்டன. பெரிய நிறுவனத்துக்கு இது சிறு எரிச்சல். நீண்ட, அரிய தொடர்களையே நம்பி வாழ்கின்ற சிறியவருக்கோ கணக்குப் புத்தகத்தின் பாதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டது போலாயிற்று.

போலிச் சொடுக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டியாளரின் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொடுக்கி அவர் பணத்தைக் கரைப்பது தொடக்கத்திலிருந்தே உள்ள நோய். அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்கொன்றில் 2006இல் கூகிள் 9 கோடி டொலர் வரையிலான சமரசத்துக்கு உடன்பட்டது. விலையைப் பற்றிய பெரிய உண்மை 2023 செப்டெம்பரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. விளம்பரதாரருக்கு அறிவிக்காமலேயே சில தேடல்களுக்கு விலையை 5 சதவீதமும் சிலவேளை 10 சதவீதமும் ஏற்றியிருக்கலாம் என்று கூகிளின் விளம்பரத்துறை உயர் அதிகாரி ஜெரி டிஷ்லர் சாட்சியமளித்தார். 2024 ஆகஸ்ட் 5ஆம் திகதி, குஜராத்தில் பிறந்தவரான நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் தேடல் சார்ந்த எழுத்து விளம்பரத்திலும் கூகிள் தனது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது எனத் தீர்ப்பளித்தார். ஏலம் என்று நாம் நம்பியிருந்ததில் ஏலக்காரரின் விரலும் தராசில் இருந்தது.

பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. பாரத் மேட்ரிமொனி, தமிழ் மேட்ரிமொனி முதலிய திருமணத் தளங்களை நடத்திய சென்னையின் கொன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பெயர்களைப் போட்டியாளர்கள் தேடுசொற்களாக வாங்கக் கூகிள் இடமளிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010 செப்டெம்பர் 30ஆம் திகதி நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமொனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள். அவற்றை ஒருவர் தமக்கே உரியவையாக வேலியிட முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு மார்ச்சில், லூயி வுய்த்தோன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும், வணிகப் பெயர்களைத் தேடுசொற்களாக விற்பதனாலேயே கூகிள் குறிமீறல் செய்ததாகாது என்றது. 2023 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம் சற்று மாறுபட்டு, கூகிள் வெறும் பார்வையாளர் அன்று, இந்த விற்பனையில் செயலூக்கமுள்ள பங்காளி என்று சொன்னது. எனினும் குழப்பம் விளையாதவரை தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டும் மீறலாகாது என்பதையும் விடவில்லை.

நிறுவனத்தின் பெயருக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பெயர் எம்மாத்திரம்? 'சிலோன் டீ' என்று பொட்டலத்தில் பொய்யாக அச்சிடுவதைத் தடுக்க சிங்க இலச்சினையும் தேயிலைச் சபையும் இருக்கின்றன. ஆனால் 'உவா' என்ற தேடுசொல்லை எந்த நாட்டுக் கடையும் வாங்கித் தன் தேயிலையைக் காட்டலாம். கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் பெயருக்குக் கிடைக்கும் விலை, தரகு போகத் தோட்டத்துக்குத் திரும்புகிறது. சொல் ஏலத்தில் உவாவின் பெயருக்குக் கிடைக்கும் விலையில் ஒரு சதமும் உவாவுக்கு வருவதில்லை. நட்டவரும் பறித்தவரும் அல்லாத ஒருவர் அந்தப் பெயரை நாளெல்லாம் விற்கிறார். உவாக்காரர் தம் பெயரில் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டுமானால் அவரிடமே வரிசையில் நின்று விலை கேட்க வேண்டும். 2022இல் இலங்கை ரூபாய் சில மாதங்களுக்குள் டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை சரிந்தபோது, சொல்லின் விலை டொலரில் ஒரு சதமும் ஏறாமலேயே ரூபாயில் ஏறக்குறைய எண்பது வீதம் ஏறிவிட்டது.

பெயரைப் பரப்பும் செலவோ இன்றும் தேயிலையின் மீதுதான். 2010 நவம்பர் முதல் ஏற்றுமதித் தேயிலைக்குக் கிலோ ஒன்றுக்கு 3 ரூபாய் 50 சதம் வீதம் விளம்பர வரி அறவிடத் தொடங்கினர். அந்தப் பணத்தில் நடக்கவிருந்த உலகப் பரப்புரை ஆண்டுக் கணக்கில் தாமதமாயிற்று; தேயிலை வணிகரே இதைப் பற்றி வெளிப்படையாகக் குறைகூறி வந்தனர். கொழுந்து பறிப்பவரின் நாட்கூலி நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாயாகவும், 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. பின்னைய தொகை அன்றைய மாற்று விகிதத்தில் 5 டொலருக்கும் குறைவு. அமெரிக்க வழக்கறிஞர்கள் போட்டியிடும் கல்நார் நோய்ப் பெயர் போன்ற சொற்கள், இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சொடுக்குக்கு 50 டொலருக்கு மேல் விலைபோயின. தேயிலைச் சொற்கள் அந்த உயரத்துக்கு அருகிலும் இல்லை என்பது உண்மைதான். ஒரு விரல் அசைவு, பத்து நாள் கொழுந்து என்ற ஒப்பீடு மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

மடுல்சீமைக்கு இப்போது தேயிலை தவிர இன்னொரு வரவும் உண்டு. பிட்டமாருவைப் பக்கத்து மலைவிளிம்பைக் 'குட்டி உலக முடிவு' என்று பெயரிட்டுப் பார்க்க வருகின்றனர் பயணிகள். தங்குமிடம் தேடுபவர் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் பல. 'சீ' என்பதற்கு ஓர் எழுத்து இடுவோர், ஈரெழுத்து இடுவோர், 'மடு'வை 'மடோ' என்போர் என மூவகையினரையாவது நானே பார்த்திருக்கிறேன். பெரிய முன்பதிவுத் தளங்கள் உலகின் எல்லா ஊர்ப் பெயர்களையும் மொத்தமாக வாங்குகின்றன. ஒவ்வோர் ஊரின் எழுத்துக் குறும்பையும் அவை உட்கார்ந்து ஆராய்வதில்லை. இத்தகைய சந்துகளில்தான் சிறியவருக்கு இன்னும் குறைந்த விலையில் இடம் கிடைக்கிறது.

தமிழிலும் அப்படியே. 2018இல் கூகிள் தன் விளம்பரச் சேவைகளில் தமிழைச் சேர்த்துக்கொண்டது; இந்தியும் வங்காளமும் முந்திக்கொண்டன. தமிழ்த் தேடுசொற்களுக்குப் போட்டி குறைவு, ஆகவே விலையும் குறைவு. ஆனால் அங்கே வேறொரு விதி காத்திருக்கிறது. மிகச் சிலரே தேடும் சொல்லை ஒருவர் வாங்க முயன்றால், 'தேடல் எண்ணிக்கை குறைவு' என்று குறியிட்டு அதைக் கூகிள் உறங்க வைத்துவிடும். போதிய பேர் தேடத் தொடங்கும்வரை அச்சொல்லுக்கு ஏலமே நடக்காது, விளம்பரமும் தோன்றாது, பணமும் போகாது. 'மடுல்சீமைத் தேயிலை' என்று தமிழில் எழுதித் தேடுபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அச்சொல் சந்தைக்கு வரும்.